செயலி எதில் செய்வது?

நம் இதழைப் படித்து வரும் வணிகப் பெருமக்களில் பலர், குறிப்பாக மகனோ மருமகனோ கடைக்கு வந்து உட்காரத் தொடங்கியிருக்கும் மொத்த வியாபாரிகள், கடந்த ஓராண்டாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். நமக்கென்று ஒரு செயலி செய்துகொள்ளலாமா, செய்தால் எதில் செய்வது என்பதே அக்கேள்வி. வருகிற கம்ப்யூட்டர்காரர்களில் ஒருவர் ஃப்ளட்டர் என்கிறார், இன்னொருவர் ரியாக்ட் நேட்டிவ் என்கிறார். பருப்பிலும் மிளகாயிலும் ரகம் பிரிக்கத் தெரிந்த நமக்கு இந்த ரகங்கள் புதியவை. எட்டு மாத காலம் பலரிடம் விசாரித்து, மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கி ஒரு முடிவுக்கு வந்தவர்கள் என்ற முறையில், அறிந்துகொண்டதை எழுதுகிறோம்.

இது இளைஞர்களின் ஆசை மட்டுமே என்று தள்ளிவிடுவதற்கில்லை. உடான் என்ற கம்பெனி 2016-இல் தொடங்கி, சில்லறைக் கடைக்காரர் கைப்பேசியிலேயே மொத்தச் சரக்கு எடுக்கும்படி செய்தது. ஹிந்துஸ்தான் யூனிலீவர் கடைக்காரர்களுக்கென்றே ஷிகர் என்ற செயலியை வைத்திருக்கிறது. இரவு பத்தரைக்குக் கடையடைத்து, கணக்குப் பார்த்து, சோப்பு தீர்ந்துவிட்டது என்று நினைவு வந்தால் அந்த நேரத்திலேயே கடைக்காரர் ஆர்டர் போட்டுவிடுகிறார். நம் லைன் பையன் மறுநாள் பதினோரு மணிக்குப் போய் நிற்கும்போது, "அண்ணாச்சி, சோப்பு நேத்தே சொல்லியாச்சு" என்ற பதில்தான் கிடைக்கிறது. இன்று சோப்பு, நாளை எண்ணெய், அதற்கடுத்து பருப்பு. முப்பது வருடமாகக் கடன் கொடுத்துக் காப்பாற்றிய லைன் இப்படித்தான் கைவிட்டுப் போகும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கைப்பேசிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆண்ட்ராய்டு, மற்றது ஐபோன். ஆண்ட்ராய்டுக்கு ஜாவா அல்லது கோட்லின் மொழியிலும், ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழியிலும் செயலி எழுதுவது வழக்கம். இரண்டிலும் வேண்டுமானால் இரண்டு முறை எழுத வேண்டும், பழுது வந்தால் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும், கூலியும் ஏறக்குறைய இரட்டிப்பு. இதைத் தவிர்க்க வந்தவைதான் இந்தப் பொதுச் சட்டகங்கள். ஒரே மாவில் இட்லியும் தோசையும் வார்ப்பது போல, ஒருமுறை எழுதியதை இரண்டு வகைக் கைப்பேசிக்கும் ஆக்கிக்கொள்ளலாம். பிரேம்வொர்க் என்று கம்ப்யூட்டர்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சந்தையில் இன்று முன்னால் நிற்பவை இரண்டு. ரியாக்ட் நேட்டிவை ஃபேஸ்புக் கம்பெனி (இப்போது மெட்டா) 2015-இல் வெளியிட்டது. அதில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுகிறார்கள். ஃப்ளட்டர் கூகுளுடையது, அதன் முதல் முழுப் பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது, அதற்கு மொழி டார்ட். மைக்ரோசாஃப்ட் 2022-இல் டாட்நெட் மாவி என்ற ஒன்றையும் கொண்டுவந்தது. கோட்லினிலேயே இரண்டுக்கும் எழுதும் வழியொன்றை ஜெட்பிரைன்ஸ் கம்பெனி 2023 நவம்பரில் உறுதியான பதிப்பாக அறிவித்தது. எங்களிடம் வந்த மூன்று கொட்டேஷனில் இரண்டு ஃப்ளட்டர், ஒன்று ரியாக்ட் நேட்டிவ். ஆகவே மற்றவற்றை அதிகம் ஆராயவில்லை.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாடகைக் கடையை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். ரியாக்ட் நேட்டிவ், கட்டடத்தில் ஏற்கெனவே உள்ள அலமாரியையும் கல்லாவையும் பயன்படுத்திக் கடை போடுவது போன்றது. பொத்தான், எழுத்துப் பெட்டி எல்லாம் அந்தந்தக் கைப்பேசிக்கே சொந்தமானவை. ஃப்ளட்டரோ தன் அலமாரி, கல்லா, பலகை எல்லாவற்றையும் தானே ஏற்றி வந்து இறக்குகிறது. திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் தானே வரைகிறது. அதனால் எந்தக் கைப்பேசியிலும் ஒரே மாதிரி தெரியும். எங்களுக்குக் காட்டிய மாதிரிகளில் ஃப்ளட்டரில் செய்ததே வழுவழுப்பாக ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஐபோனுக்கும் சேர்த்துச் செய்ய வேண்டுமா என்ற கேள்வி முதலில் எங்களுக்கும் எழுந்தது. மளிகைக்கடையில் யார் ஐபோன் வைத்திருக்கிறார்கள்? லைன் பையன்களிடம் சொல்லி, பேரேட்டில் உள்ள 180 கடைகளிலும் எந்தக் கைப்பேசி என்று ஒரு மாதம் குறித்துவரச் செய்தோம். ஐபோன் 9 பேரிடம் மட்டுமே. அத்துடன் விட்டிருந்தால் ஆண்ட்ராய்டு போதும் என்று முடித்திருப்போம். பற்று வரவைப் புரட்டிப் பார்த்ததில், அந்த 9-இல் 4 கடைகள் மாதா மாதம் அதிகச் சரக்கு எடுப்பவை. படித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கடைகள் அவை. அவர்களை விட்டுவிட்டுச் செயலி செய்வதில் பொருளில்லை. வாசகர்கள் யாரிடமும் கொட்டேஷன் கேட்கும் முன் இந்த ஒரு கணக்கை எடுத்துவிடுவது நல்லது.

ஐம்பது அறுபது கடைகளுக்குள் லைன் உள்ளவர்களுக்குச் செயலியே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வரும் ஆர்டரை ஓர் ஆள் சிட்டையில் எழுதிக்கொண்டால் போதும். அதற்கு மேல் உள்ளவர்களுக்கும் நடுவழி ஒன்று உண்டு. கைப்பேசியின் பிரவுசரிலேயே திறக்கும் பக்கமாகச் செய்து, அதன் குறியைத் திரையில் ஒட்டிவைத்துக்கொள்வது. செலவு குறைவு, பிளே ஸ்டோருக்கும் ஆப்பிளுக்கும் போக வேண்டாம். எங்களுக்கு அது சரிப்படாததற்குக் காரணம் பிரிண்டர். லைன் பையன் இடுப்பில் மாட்டியிருக்கும் சிறிய தெர்மல் பிரிண்டர் புளூடூத்தில் இயங்குவது. அவற்றில் பல பழைய வகைப் புளூடூத். பிரவுசர் பக்கத்திலிருந்து அவற்றுக்கு நேரே பில் அனுப்புவது எல்லாக் கைப்பேசியிலும் முடிவதில்லை. ஐபோனின் சஃபாரி பிரவுசரில் புளூடூத் வசதியே கிடையாது. பிரிண்டர் வேண்டாம் என்பவர்கள் இந்த நடுவழியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் எது வேகம், எது அழகு என்று கேட்கிறார்கள். நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. இதைத் தாங்கி நிற்பவர் யார்? ஐந்து வருடம் கழித்து இருப்பாரா? ஏஜென்சி எடுக்கும்போது கம்பெனி நிலைக்குமா என்று பார்க்கிறோம் அல்லவா, அதே பார்வைதான். நடந்த சங்கதிகளைப் பாருங்கள். ஃபோன்கேப் என்ற சட்டகம் ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. அதை 2011-இல் அடோபி கம்பெனி வாங்கியது; 2020 அக்டோபரில் அதன் சேவையை மூடிவிட்டது. ஜாமரின் என்ற மற்றொன்றை மைக்ரோசாஃப்ட் 2016-இல் வாங்கி, 2024 மே 1-உடன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதில் செய்தவர்கள் டாட்நெட் மாவிக்கு மாற வேண்டியதாயிற்று. செயலிகளை அவ்வப்போது திருத்தி அனுப்ப ரியாக்ட் நேட்டிவ்காரர்கள் பலர் நம்பியிருந்த கோட்புஷ் என்ற சேவையும் மைக்ரோசாஃப்டுடையதே. அது 2025 மார்ச் 31-இல் மூடப்பட்டது. இத்தனைக்கும் இவை பெட்டிக்கடைக் கம்பெனிகள் அல்ல.

ஃப்ளட்டருக்கும் ரியாக்ட் நேட்டிவுக்கும் அப்படி நேராது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். 2024-இல் கூகுள் ஆட்குறைப்பு செய்தபோது ஃப்ளட்டர் குழுவினர் சிலரும் வேலையிழந்தனர். அதே சமயம் இரண்டின் மூல நிரலும் திறந்தே வைக்கப்பட்டுள்ளது. உரிமையாளர் கைவிட்டாலும் வெளியார் எடுத்து நடத்தச் சட்டப்படி தடையில்லை. மெட்டாவும் கூகுளும் தத்தம் சொந்தச் செயலிகளிலேயே இவற்றைப் பயன்படுத்துகின்றன என்பது இன்னொரு தைரியம். தாம் விற்கும் எண்ணெயில் தம் வீட்டிலும் சமைக்கிறார் என்றால் வியாபாரியை நம்பலாம்.

பெரிய கம்பெனிகளைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. வீடு வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி கம்பெனி 2018-இல் ரியாக்ட் நேட்டிவை விட்டு வெளியேறுவதாக அறிவித்தது. பங்குத் தரகு செய்யும் ஜெரோதா தன் கைட் செயலியை ரியாக்ட் நேட்டிவிலிருந்து ஃப்ளட்டருக்கு மாற்றியது. இரண்டும் உண்மை. ஆனால் அவர்களிடம் மாதச் சம்பளத்தில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்வார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை செய்ததை ஏழெட்டு வருடம் ஓட்டியாக வேண்டும்.

ஓட்டுவது என்றால் சும்மா விட்டு ஓட்டுவது அல்ல. செயலி என்பது தராசு மாதிரி. ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். கூகுள் ஒவ்வோராண்டும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டி ஒரு கெடு வைக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் ஆண்ட்ராய்டு 15-க்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றார்கள். கவனிக்காமல் விட்ட பழைய செயலி, புதிய கைப்பேசி வாங்குகிறவர் தேடினால் பிளே ஸ்டோரில் தென்படாது. ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே முதலாளிக்குச் சேதி தெரியவே மாதங்கள் ஆகும். ஆப்பிளும் இதுபோல் கெடு வைப்பதுண்டு. ஆக வருடத்துக்கு ஒரு முறையாவது அந்த நிரலைத் திறந்து வேலை பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதில்தான் நம் தேர்வு நிற்கிறது.

உறவினர் ஒருவர் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்கிறார். இரண்டே கால் லட்சம் கொடுத்து ஒரு பெருநகரக் கம்பெனியில் செயலி செய்தார். நன்றாகவே இருந்தது. இரண்டாம் வருடம் அந்தக் கம்பெனி கடையைச் சாத்திவிட்டது. பிளே ஸ்டோர் கணக்கு அவர்கள் பெயரில், நிரல் அவர்கள் கம்ப்யூட்டரில், சர்வர் வாடகை அவர்கள் கட்டிவந்தது. போன் எடுப்பார் இல்லை. சர்வர் வாடகை நின்ற மாதம் செயலியும் நின்றது. அதிலிருந்த நிலுவைக் கணக்கும் போயிற்று. கையால் எழுதிய பேரேடு ஒன்று தனியாக வைத்திருந்ததால் தப்பினார். அந்தச் செயலி எந்தச் சட்டகத்தில் செய்யப்பட்டது என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பயனில்லை, நிரலே கையில் இல்லாதபோது.

ஆகவே ஒப்பந்தத்தில் நாங்கள் முதலில் எழுதிக்கொண்டது விலையை அல்ல. கூகுள், ஆப்பிள் இரண்டு கணக்கும் எங்கள் கடைப் பெயரில் திறக்கப்பட்டன. கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர். கூகுளில் தனிநபர் பெயரில் கணக்கு எடுக்காமல் நிறுவனத்தின் பெயரிலேயே எடுப்பது நல்லது. 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்டிய பிறகே செயலியைப் பொதுவில் விட அனுமதிக்கிறார்கள். நிறுவனக் கணக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. டன்ஸ் எண் என்ற ஒன்பது இலக்க அடையாள எண் மட்டும் வாங்க வேண்டும். நிரல் முழுவதும் வாராவாரம் எங்கள் பெயரில் உள்ள கிட்ஹப் கணக்கில் ஏற்றப்பட வேண்டும், கையெழுத்துச் சாவிக்கோப்பின் பிரதி எங்கள் பீரோவில் இருக்க வேண்டும், சர்வர் வாடகை எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரே போக வேண்டும் என்பவை மற்ற நிபந்தனைகள். இதற்கு ஒப்பாத ஒரு கம்பெனியின் கொட்டேஷனை, விலை குறைவாக இருந்தும், அன்றே திருப்பிக் கொடுத்தோம்.

மீதி இருவரில் யார் என்பதற்கு ஆளைத்தான் பார்த்தோம். ஃப்ளட்டர் தெரிந்தவர் கெட்டிக்காரர், ஆனால் அவர் பெங்களூர் வேலைக்குப் போய்விட்டால் டார்ட் தெரிந்த இன்னொருவரை நம் ஊர்ப்பக்கம் தேட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படியல்ல. வெப்சைட் வேலை செய்கிற எவருக்கும் தெரிந்த மொழி. சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகளில் கேட்ட பேர் எல்லோரும் தெரியும் என்றார்கள். எவ்வளவு தெரியும் என்பது வேறு விஷயம். ஆகவே ரியாக்ட் நேட்டிவ் என்று முடிவு செய்தோம். எங்கள் தம்பி மகனுக்கு இதில் இன்னமும் சம்மதமில்லை. பார்க்க லட்சணமாக இருந்ததை விட்டுவிட்டீர்களே பெரியப்பா என்கிறார். உங்கள் ஊரில் ஃப்ளட்டர் தெரிந்த ஆட்கள் நாலைந்து பேர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், தயங்காமல் அதையே எடுக்கலாம். பழைய ரியாக்ட் நேட்டிவ் மந்தமாக ஓடும் என்ற குறை ஒன்று இருந்தது. 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பிலிருந்து உள்கட்டமைப்பையே மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முந்திய பதிப்பில் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

முன்பணம் கொடுக்கும் முன் மாதிரிச் செயலியைச் சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் தங்கள் விலையுயர்ந்த கைப்பேசியில் ஓட்டிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்கக் கூடாது. லைனில் உள்ள ஒரு கடைக்காரரின் நான்கு வருடப் பழைய ஆண்ட்ராய்டை இரவல் வாங்கினோம். 1,200 சரக்குப் பெயரையும் ஏற்றச் சொல்லி, வேகமாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தோம். கைப்பேசி அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கினோம். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள்? 'கடலைப்பருப்பு' என்பது பாதியில் வெட்டுப்பட்டு, விலை அடுத்த வரிக்குள் புகுந்துகொண்டது. திருத்தித் தந்தார்கள். அடுத்து தேடல். ஒருவர் துவரம்பருப்பு என்று தேடுவார், ஒருவர் துவரை என்பார், தமிழ்த் தட்டச்சு வராத பையன் ஆங்கில எழுத்தில் அடிப்பான். மூன்றுக்கும் ஒரே சரக்கு வர வேண்டும். இதை எந்தச் சட்டகமும் தானாகச் செய்யாது. சொல்லிச் செய்ய வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சங்கதி சிக்னல் இல்லாத இடம். குடோனுக்குள்ளும், மலையடிவாரக் கிராமங்களிலும் இணைப்பு கிடைப்பதில்லை. அங்கே போடும் ஆர்டரைக் கைப்பேசியிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். இரண்டு சட்டகத்திலும் இதற்கு வழி உண்டு. எஸ்க்யூலைட் என்ற சிறு பேரேடு கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. சிக்கல் அதில் இல்லை, நம் வியாபாரத்தில் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மிளகாய் ஒரு விலை, கடைக்காரர் அந்த விலையைப் பார்த்து இரண்டு மூட்டை போடுகிறார், சிக்னல் இல்லை. மாலை நாலு மணிக்கு ஆர்டர் நமக்கு வந்து சேரும்போது விலை கிலோவுக்கு ஆறு ரூபாய் ஏறியிருக்கிறது. எந்த விலைக்குப் பில் போடுவது? எங்களுக்குச் செய்து தந்த பிள்ளை இதை யோசித்திருக்கவே இல்லை. அவர் எழுதியபடி வந்து சேர்ந்த நேரத்து விலையே விழும். அப்படி ஒரு மாதம் ஓடியிருந்தால் பாதி லைன் சண்டையில் முடிந்திருக்கும். இப்போது ஆர்டர் போட்ட நேரமும் அப்போது திரையில் தெரிந்த விலையும் சேர்ந்தே பதிவாகின்றன. இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் அதே விலை. தாமதித்தால், விலை மாறியிருப்பதைச் சொல்லிக் கடைக்காரரின் சம்மதம் கேட்ட பிறகே பில்.

நிலுவைத் தொகையை முதல் திரையிலேயே காட்டுவதாக இருந்தார்கள். அதையும் எடுக்கச் சொன்னோம். கடையில் கைப்பேசி பல கைக்கு மாறும். முதலாளியின் கடன் பாக்கி வேலையாள் கண்ணில் பட்டால் அவர் அந்தச் செயலியைத் திறக்கவே மாட்டார். இப்போது தனிக் குறிச்சொல் அடித்தால்தான் நிலுவை தெரியும்.

பணம் கொடுத்தது சரக்கு வாங்குகிற முறையில்தான். முன்பணம் கால் பங்கு, ஆண்ட்ராய்டு ஓடத் தொடங்கியதும் கால் பங்கு, ஐபோன் வந்ததும் கால் பங்கு, மூன்று மாதம் பழுதில்லாமல் ஓடியபின் பாக்கி. வருடப் பராமரிப்புக்குத் தனித் தொகை. அதில் ஆகஸ்ட் கெடு வேலையும் அடக்கம் என்று தெளிவாக எழுதிக்கொண்டோம். தற்போது ஆண்ட்ராய்டில் 60 கடைகள் ஆர்டர் போடுகின்றன. ஐபோன் பதிப்பை ஆக்குவதற்கு ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் அவசியம் என்பதால், அது மட்டும் வாடகைக்கு எடுத்து நடந்துகொண்டிருக்கிறது. ஒப்பந்தப் பத்திரத்தின் நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் வந்து பார்த்துக்கொள்ளலாம்.